‘பை ஃப்ரைடே’யா, ‘டில் ஃப்ரைடே’யா? லாரி வந்து நின்றதால் கேட்கிறேன்

துவாஸ் ஸ்டோர்க்காரன்:

வணக்கம். சிங்கப்பூரில் துவாஸ் பக்கம் ஒரு கட்டுமான சைட்டில் ஸ்டோர் பார்க்கிறேன். ஊர் மன்னார்குடிப் பக்கம். இங்கே வந்து ஆறு வருடம் ஆகிறது. பேச்சில் பெரிய தொல்லை இல்லை, கையைக் காலை ஆட்டிச் சமாளித்துவிடுவேன். வாட்ஸ்அப்பில் எழுதும்போதுதான் மாட்டிக்கொள்கிறேன். அதிலும் நாள், நேரம் வந்துவிட்டால் போச்சு.

போன வாரம் நடந்தது இது. வாடகைக்கு எடுத்த சிசர் லிஃப்டில் (ஆளை மேலே தூக்கி நிறுத்தும் மேடை) ஏறி இரண்டு பேர் ஸ்பிரிங்க்ளர் பைப் மாட்டிக்கொண்டிருந்தார்கள். லிஃப்ட் வெள்ளிக்கிழமை வரை எங்களுக்கு வேண்டும். அதைச் சொல்வதாக நினைத்து வாடகைக் கம்பெனிக்கு ‘வீ யூஸ் பை ஃப்ரைடே’ என்று அனுப்பினேன். வியாழன் காலை எட்டு மணிக்கு கேட்டில் லாரி நிற்கிறது! வெள்ளிக்குள் முடிந்துவிடும் என்று நீங்கள்தானே எழுதினீர்கள், எங்களுக்கு இன்றைக்குத்தான் லாரி காலி என்கிறார் டிரைவர். மேலே இரண்டு பேரும் பைப்பைப் பிடித்தபடி என்னையே பார்க்கிறார்கள். லாரி சும்மா வந்து திரும்பியதற்குத் தனியாக பில் போட்டார்கள். சூப்பர்வைசர் திட்டவில்லை, சிரித்தார். அதுதான் தாங்கவில்லை.

இந்த ‘பை’, ‘டில்’ இரண்டையும் எப்படித்தான் பிரித்துப் பார்ப்பது? அப்புறம் இன்னொன்று. எங்கள் ஃபோர்மேன் அங்கிள் ‘ஜஸ்ட் நவ் ஹீ கம்’ என்பார். இப்போதுதான் ஆள் வந்திருக்கிறார் என்று நான் கேட்டுக்கு ஓடுவேன். அவர் காலையிலேயே வந்து போயிருப்பார்.

ஈசூன் அக்கா:

தம்பி, நான் இங்கேயே பிறந்து வளர்ந்தவள். இருபது வருடமாக ஒரு கிளினிக் கவுண்டரில் அப்பாயிண்ட்மெண்ட் எழுதுகிறேன். நான் ஒரு நேரச் சொல்லைத் தப்பாகச் சொன்னால், ரத்தப் பரிசோதனைக்கு வந்த யாரோ ஒரு பாட்டி காலைச் சாப்பாட்டை முடித்துவிட்டு வந்து உட்கார்ந்திருப்பார். அதனால் இதில் எனக்கு அனுபவம் உண்டு.

நீங்கள் இங்கே எழுதியதையே திரும்பப் படித்துப் பாருங்கள். ‘வெள்ளிக்கிழமை வரை வேண்டும்’, ‘வெள்ளிக்குள் முடிந்துவிடும்’. இரண்டையும் தமிழில் சரியாகத்தான் பிரித்திருக்கிறீர்கள். ‘வரை’ வந்தால் டில், ‘க்குள்’ வந்தால் பை, அவ்வளவுதான். வினையையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள். வைத்திருப்பது, காத்திருப்பது, தங்குவது எல்லாம் நீண்டுகொண்டே போகிற காரியம், அதற்கு டில். அனுப்புவது, பணம் கட்டுவது, முடிப்பது எல்லாம் ஒரே தடவையில் ஆகிவிடும், அதற்கு பை. பால் பாக்கெட்டில் ‘யூஸ் பை’ என்று தேதி போட்டிருப்பார்களே, அந்தத் தேதிக்குள் குடித்துத் தீர்த்துவிடு என்று அர்த்தம். நீங்கள் சிசர் லிஃப்டைப் பால் பாக்கெட் ஆக்கிவிட்டீர்கள். டிரைவர் மேல் தப்பில்லை.

‘க்குள்’ளில் ஒரு குழி இருக்கிறது. ‘இரண்டு நாளைக்குள்’ என்றால் ‘விதின் டூ டேஸ்’, சரி. அதே பழக்கத்தில் ‘வெள்ளிக்குள்’ளை ‘விதின் ஃப்ரைடே’ என்று நம் ஆட்கள் எழுதிவிடுவார்கள். அது கூடாது. எவ்வளவு நேரம் என்று அளவு சொன்னால்தான் விதின். நாளைப் பெயர் சொல்லிக் குறித்தால் பை.

‘இரண்டு நாள் கழித்து வருகிறேன்’ என்பதை ‘ஆஃப்டர் டூ டேஸ்’ என்று எழுதுவதும் நம் வழக்கம். இன்றிலிருந்து எண்ணினால் ஆங்கிலத்தில் ‘இன் டூ டேஸ்’ என்பார்கள். அதேபோல ‘யெஸ்டர்டே நைட்’ வேண்டாம், ‘லாஸ்ட் நைட்’.

உங்கள் ஃபோர்மேன் பேசுவது நம்ம ஊர் ஆங்கிலம். இங்கே ‘ஜஸ்ட் நவ்’ என்றால் அப்போதே, கொஞ்சம் முன்னாடி. காலையில் நடந்ததை மாலையில் சொன்னாலும் ‘ஜஸ்ட் நவ்’தான். ‘லாஸ்ட் டைம்’ என்றால் முன்பெல்லாம். எங்கள் கிளினிக்கில் ஒரு பாட்டி ‘லாஸ்ட் டைம் ஐ டேக் திஸ் மெடிசின்’ என்றார். வெளிநாட்டிலிருந்து புதிதாக வந்த டாக்டர், கடைசியாகச் சாப்பிட்டது எந்தத் தேதி என்று விடாமல் கேட்கிறார். பாட்டி சொன்னதோ பத்து வருடத்துக்கு முந்தைய கதை! ‘ஃபினிஷ் ஆல்ரெடி’ என்பது நம் ‘முடிச்சாச்சு’ மாதிரியே இருப்பதால் எனக்கு ரொம்பப் பிடிக்கும். பேச்சுக்கு இதெல்லாம் நன்றாக இருக்கும். கம்பெனிக்கு எழுதும்போது வேண்டாம்.

என்எஸ் முடித்தவன்:

அக்கா சொன்னது சரி. ஆனால் நானாக இருந்தால் பை, டில் எதையும் நம்ப மாட்டேன் அண்ணே, தேதியும் மணியும் போட்டுவிடுவேன். என்எஸ்ஸில், அதாவது கட்டாய ராணுவச் சேவையில், கேம்புக்கு ராத்திரி திரும்பி வரவேண்டிய நேரத்தை 2359 (இரவு 11:59) என்றுதான் சொல்வார்கள். வெள்ளி நள்ளிரவு 12 மணி என்றால் வியாழன் முடிகிற 12-ஆ, வெள்ளி முடிகிற 12-ஆ என்று ஒருத்தன் கிளப்புவான். 2359-இல் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. ‘நெக்ஸ்ட் ஃப்ரைடே’யும் அப்படித்தான். திங்கட்கிழமை அதைச் சொன்னால் பாதிப் பேர் இந்த வெள்ளி என்பார்கள், பாதிப் பேர் அடுத்த வாரம் என்பார்கள். தேதியைப் போடுங்கள்.

பழைய துறைமுகத்தான்:

அந்தக் காலத்தில் நான் துறைமுகத்தில் சரக்கை எண்ணிக் குறிக்கும் டேலி கிளார்க். வெள்ளைக்கார ஆபீசர் ‘குவார்ட்டர் டு எய்ட்’ என்றார். எட்டும் காலும் காதில் விழுந்ததும் எட்டேகால் என்று போய் நின்றேன். அவர் சொன்னது ஏழே முக்கால். நாம் ஏழோடு முக்காலைக் கூட்டுகிறோம், அவர்கள் எட்டிலிருந்து காலைக் கழிக்கிறார்கள். அரை மணி நேரம் தாமதம், ஒரு வாரம் ஏச்சு.

அரை மணி என்றதும் ஞாபகம் வருகிறது. 1981 டிசம்பர் 31 இரவு பதினொன்றரைக்கே நமக்கு 1982 பிறந்துவிட்டது, கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளினார்கள். அதுவரை ஊருக்கும் இங்கேயும் இரண்டு மணி நேரம்தான் வித்தியாசம், அன்றிலிருந்து இரண்டரை. கேள்விக்குச் சம்பந்தமில்லை, மன்னிக்கவும்.

துவாஸ் ஸ்டோர்க்காரன்:

எல்லாருக்கும் நன்றி. பால் பாக்கெட்டை இனி மறக்க மாட்டேன். அடுத்த லிஃப்டுக்கு இப்படி எழுதி வைத்திருக்கிறேன்: ‘வீ நீட் த லிஃப்ட் டில் ஃப்ரைடே ஈவ்னிங். ப்ளீஸ் கலெக்ட் இட் ஆன் சாட்டர்டே, 8 ஏ.எம்.’ சரியா அக்கா? இன்னொன்று, லீவு லெட்டரில் ‘ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் சிக்ஸ் இயர்ஸ்’ என்று போடலாமா?

ஈசூன் அக்கா:

முதலாவது சரி, தம்பி சொன்னபடி தேதியையும் சேர்த்துவிடுங்கள். இரண்டாவது ‘ஐ ஹாவ் பீன் வொர்க்கிங் ஹியர் ஃபார் சிக்ஸ் இயர்ஸ்’. ‘ஆறு வருடமாக’ என்று வந்தால் ஃபார். வந்த வருடத்தைச் சொல்லி ‘அப்போதிலிருந்து’ என்றால் சின்ஸ்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு உங்கள் கேட்டில் ஆள் இருப்பாரா?

துவாஸ் ஸ்டோர்க்காரன்:

நான்தான் அக்கா இருப்பேன்.