கபுகி நடிகர் அச்சோவியம் ஒன்றை அடையாளம் காண உதவி தேவை

குழுவினருக்கு வணக்கம். டோக்கியோவின் ஜிம்போச்சோ பழைய புத்தகக் கடைத் தெருவில் வாங்கிய மரக்கட்டை அச்சோவியம் ஒன்றைப் பற்றி, ஜப்பானியக் கலையில் பழக்கமுள்ளவர்களிடம் உதவி கேட்கிறேன்.

புருவத்தை நெரித்துப் பக்கவாட்டில் முறைக்கும் ஒரு கபுகி (ஜப்பானிய மரபு நாடகம்) நடிகரின் உருவம் அது. ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று சதுரங்கள் அமைந்த சின்னம் அவருடைய கைப்பகுதியில் இருப்பதால், அவர் தலைமுறைதோறும் ஒரே பெயரை ஏற்கும் இச்சிகாவா தஞ்சூரோ நடிகர் மரபைச் சேர்ந்தவர் என்று கருதுகிறேன். கையொப்பம் தொயோகுனி என்று இருக்கிறது. ஓவியர் குனிசாதா அந்தப் பெயரை 1844இல்தான் ஏற்றார். அருகில் தணிக்கையாளர்களின் வட்ட முத்திரைகள் இரண்டு உள்ளன. இரட்டை முத்திரை வழக்கம் 1847 முதல் 1852 வரை நீடித்ததால், மூல அச்சாக இருந்தால் அக்காலத்தது என்றும், படத்தில் இருப்பவர் 1854இல் மறைந்த எட்டாம் தஞ்சூரோவாக இருக்கலாம் என்றும் எண்ணுகிறேன். நடிகர் அச்சோவியங்கள் மீது 1842ஆம் ஆண்டில் அரசு விதித்த கட்டுப்பாடுகளுக்குப் பின் நடிகரின் பெயரைப் பொறிக்காமல் விடுவது வழக்கமாகியிருந்ததால், பாத்திரப் பெயர் மட்டுமே கட்டத்துக்குள் காணப்படுகிறது.

அந்தப் பெயரைப் படித்து, எந்த நாடகம் என்று யாரேனும் சொல்ல முடியுமா? உருப்பெருக்கியில் பார்த்தபோது இயந்திர அச்சின் புள்ளிகள் தென்படவில்லை. வண்ணம் தாளின் பின்புறம் வரை ஊறியிருக்கிறது. ஆனாலும் பிற்காலத்தில் புதிதாகச் செதுக்கிய கட்டையில் எடுத்த படியிலும் இவை இருக்கும் என்பதால், மூல அச்சைப் பிரித்தறியும் வழியைத் தெரிந்தவர்கள் தயவுசெய்து விளக்க வேண்டும். முடியிழைகளைச் செதுக்கியுள்ள நுணுக்கம் தெரியும்படி எடுத்த படங்களை இணைத்துள்ளேன்.