புதுப்பிப்பு: பயர்பாக்ஸில் மட்டும் திணறிய கடைத் தளம் சரியாகிவிட்டது

யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் உள்ள எங்கள் வெள்ளிக் கொலுசுக் கடையின் தளம், கடை லேப்டாப்பில் குரோமில் நன்றாக ஓடுகிறது, பயர்பாக்ஸில் மட்டும் திணறுகிறது என்று போன வாரம் கேட்டிருந்தேன்.

கேச்சையும் குக்கிகளையும் அழித்துப் பார்த்தேன், பலனில்லை. பயர்பாக்ஸின் உதவி மெனுவில் இருக்கும் டிரபிள்ஷூட் மோடில் (எக்ஸ்டென்ஷன்களை, அதாவது நாம் சேர்த்த கூடுதல் வசதிகளை, நிறுத்திவிட்டுக் கோளாறு தேட உதவும் நிலை) திறந்து பார்க்கச் சொன்ன நண்பரின் யோசனைதான் வழி காட்டியது. அதில் தளம் சட்டென்று திறந்தது. சரி, ஏதோ ஒரு எக்ஸ்டென்ஷன்தான் காரணம் என்று ஒவ்வொன்றாக நிறுத்தினேன். எல்லாவற்றையும் நிறுத்தியும் அதே திணறல்!

நான் எதிர்பார்க்காதது இதுதான்: அந்த மோட் எக்ஸ்டென்ஷன்களோடு ஹார்டுவேர் ஆக்சிலரேஷனையும் (படம் காட்டும் வேலையை கிராஃபிக்ஸ் சிப்பிடம் ஒப்படைக்கும் வசதி) நிறுத்திவிடுகிறது. செட்டிங்ஸில் ஜெனரல் பக்கத்தில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போய், பரிந்துரைக்கப்பட்ட அமைப்புக்கான டிக்கை எடுத்தால் அந்தத் தேர்வு கீழே தெரியும். அதை நிறுத்தி, பயர்பாக்ஸை மூடித் திறந்ததும் கொலுசுப் படங்கள் தடங்கலில்லாமல் நகர்ந்தன.

அதோடு விட மனசில்லை. பார்த்தால், கிராஃபிக்ஸ் டிரைவர் (அந்தச் சிப்பை இயக்கும் மென்பொருள்) ரொம்பப் பழையது. அதைப் புதுப்பித்துவிட்டு ஆக்சிலரேஷனை மறுபடி போட்டேன்; வேகம் குறையவே இல்லை. ஆக, பயர்பாக்ஸ் மேல் தவறில்லை, டிரைவர்தான். நிறுத்திய எக்ஸ்டென்ஷன்களையும் திரும்பப் போட்டுவிட்டேன்.