புளி போட்டு விளக்கிய ராஜராஜன்

பல்லாவரத்துப் பழசு:

எட்டு வருடமாகப் பழங்காசு சேர்க்கிறேன். இன்னமும் உறுத்துவது என் முதல் சோழக் காசுதான்.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை. பூட்டு, சாவி, ரேடியோ வால்வு எல்லாம் பரப்பியிருந்த பெரியவரிடம் ஒரு டப்பா நிறையச் செம்புக்காசு இருந்தது. கிளறும்போது ஒன்று சிக்கியது. ஒரு பக்கம் ஒல்லியாக நிற்கும் ஆள், மறுபக்கம் உட்கார்ந்த ஆள், அருகே வடமொழி எழுதும் நாகரி எழுத்தில் ‘ஸ்ரீ ராஜராஜ’. (தமிழ் மன்னன் காசில் நாகரி எதற்கு என்று என் தம்பி இன்றுவரை சண்டை போடுகிறான்.) “நூத்தம்பது குடு தம்பி” என்றார். பேரம் பேசக்கூடத் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்து டீப்பாய்மேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். அம்மா குத்துவிளக்கு விளக்கிக்கொண்டிருந்தார். அழுக்காக ஒரு காசு கிடக்கிறதே என்று அதையும் எடுத்து, புளியோடு கொஞ்சம் சாம்பலும் போட்டு, தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்திருக்கிறார். “பாருடா, எப்படிப் பளபளன்னு வந்திருக்கு!”

ஆயிரம் வருடக் களிம்பு பத்து நிமிடத்தில் போயிற்று. அந்தக் கருமையும் பச்சையும் அழுக்கில்லை. செம்பை மேற்கொண்டு அரிக்காமல் காப்பதும், எழுத்தின் மேடுபள்ளத்தைக் கண்ணுக்குக் காட்டுவதும் அதுதான். புளியின் அமிலம் அதைக் கரைத்துவிடும். ‘ஸ்ரீ’ மட்டும் பாதி மிஞ்சியது. அம்மாவை என்ன சொல்ல? பேசாமல் காபி குடித்தேன். இப்போதெல்லாம் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் ஊறவைத்து, மண்ணை மூங்கில் குச்சியால் நெம்புவதோடு சரி.

ஓட்டைக்காசு:

உங்களுக்காவது அசல் கெட்டது அண்ணா. என்னிடம் ஒருவர் “ஆயிரம் வருஷத்துச் சீனக்காசு, தஞ்சாவூர் பக்கம் வயல்ல கிடைச்சது” என்று சதுர ஓட்டைக் காசு ஒன்றை 1,200 ரூபாய்க்குத் தள்ளிவிட்டார். தஞ்சைப் பகுதியில் சீனக்காசுப் புதையல் கிடைத்தது உண்மை என்பதால் நம்பிவிட்டேன். வீட்டில் லென்ஸ் வைத்துத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் முழுக்க அலை அலையாகக் கோடு. சீனக்காசில் ஏது அலை? முன்பக்க எழுத்தை மேல், கீழ், வலம், இடம் என்ற வரிசையில் ஒப்பிட்டுப் பார்த்தேன்: ‘கான்எய் த்சூஹோ’. ஜப்பானில் 1768 முதல் எக்கச்சக்கமாக வார்த்த நான்கு மோன் (அந்தக் கால ஜப்பானியப் பணக்கணக்கு) காசு! சும்மா சொல்லக்கூடாது, அலை என்னவோ அழகுதான்.

மூர்மார்க்கெட் தாத்தா:

வயலில் கிடைத்தது என்றால் தொடவே தொடாதே தம்பி. மண்ணுக்குள்ளிருந்து எடுத்தது பத்து ரூபாய்க்கு மேல் பெறும் என்றால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ஆம் வருடத்துப் புதையல் சட்டம்.

அப்புறம், புளியெல்லாம் பரவாயில்லை. எங்கள் பாட்டியின் காசுமாலையில் நட்சத்திர வராகன் என்கிற தங்கக்காசு ஒன்று இருந்தது. சுண்டுவிரல் நகம் அளவுதான். ஒரு பக்கம் பெருமாள், மறுபக்கம் பொடிப்பொடியான புள்ளிகள் நடுவே நட்சத்திரம். “ஒரு வராகனுக்கு 42 பணம், ஒரு பணத்துக்கு 80 காசு” என்று பாட்டி கணக்குச் சொல்வாள். கும்பெனிக் காலத்து மெட்ராஸில் அதுதான் கணக்கு. அக்கா கல்யாணத்துக்கு ஆசாரியை வீட்டுக்கே வரவழைத்து அதை உருக்கிக் கம்மல் செய்துவிட்டார்கள். அப்போது ஊதுகுழல் பிடித்துக் கொடுத்தவன் நான். அக்கா இன்னமும் அந்தக் கம்மலைத்தான் போட்டிருக்கிறாள்.