வயிற்றுக்கு நாட்டு மருந்து சாப்பிட்டு மாட்டிக்கொண்ட அனுபவம் உண்டா?

கானாடுகாத்தான் மாப்பிள்ளை:
தையில் மச்சினன் கல்யாணம். நம் செட்டிநாட்டு விருந்து இலையைப் பற்றி இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ராத்திரி வயிறு கல்லு மாதிரி. மாமியார் ஒரு சீசாவில் புதினா உப்பு, ஓம உப்பு, பச்சைக் கற்பூரம் மூன்றையும் போட்டுக் குலுக்கினார். மூன்றும் கட்டி. சொட்டுத் தண்ணீர் சேர்க்கவில்லை, தானாக உருகித் தைலமாகிவிட்டது! வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றேன். வெந்நீரில் இரண்டு சொட்டு. பெரிய ஏப்பம், அப்பாடா என்று படுத்தேன். ஒரு மணிக்கு நெஞ்சில் நெருப்பு, தொண்டை வரை புளிப்பு. முகப்புத் தூணில் சாய்ந்தபடியே விடிந்தது. ஏப்பம் வரவழைத்த மருந்தே ஏன் எரிக்கிறது?

புதுவயல் பயணி:
எனக்கு மலச்சிக்கலுக்கு நிலாவரைப் பொடி. ராத்திரி பத்து மணிக்கு ஒரு ஸ்பூன், ஒன்றும் அசையவில்லை. பதினொன்றுக்கு இன்னொரு ஸ்பூன். விடிகாலை காரைக்குடியில் பல்லவன் ரயில் ஏறினேன். புதுக்கோட்டை வருவதற்குள் ஆரம்பித்துவிட்டது. கழிப்பறைக்கு வெளியே ஒரு பெரியவர், "தம்பி, திருச்சியே வந்திரும் போல, வெளிய வாங்க" என்று தட்டிக்கொண்டே இருந்தார். அந்தத் தட்டல் இன்னும் காதில் கேட்கிறது. நிலாவரை இரைப்பையில் வேலை செய்கிற சரக்கே இல்லையாம். பெருங்குடலில் இருக்கும் பாக்டீரியா அதை உடைத்த பிறகுதான் குடலை முறுக்குமாம், 6 முதல் 12 மணி நேரம் ஆகும். இரண்டாவது ஸ்பூன் என் அவசரம்.

தேவகோட்டை ஆச்சி:
மாப்பிள்ளை, மாமியார் மேல் பழி போடாதீர்கள். புதினா உப்பு தசைக்குள் கால்சியம் நுழைவதை மறித்துக் குடலைத் தளர்த்தும், அதனால் பிடிப்பு விட்டது. உணவுக்குழாயின் அடியில் இருக்கும் வளையத் தசையும் கூடவே தளரும். ஏப்பம் வந்த வழியில்தான் புளிப்பும் வந்தது. இலை நிறையச் சாப்பிட்டுவிட்டு உடனே படுத்தது யார் தப்பு?

என் கதை இரண்டு வரி: விருந்துக்கு விருந்து ஐயாவுக்குச் சுக்குத் தண்ணீர் கொடுத்தேன், கேட்டது. சுக்கு வேறு வழி, இரைப்பையைக் கீழ்நோக்கித் தள்ள வைக்கும். 2008-ல் தைவானில் 24 பேருக்கு 1.2 கிராம் இஞ்சி கொடுத்துப் பார்த்தார்கள். குடித்த சூப் பாதி காலியாக 26.7 நிமிடம் ஆனது 13.1 நிமிடமாகக் குறைந்தது. ஆக, உப்புசத்துக்கு எல்லாம் ஒரே மருந்து என்று யாரும் எடுக்காதீர்கள். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் படுக்காதீர்கள். இடது பக்கமாகச் சாயுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள் இஞ்சி அதிகம் வேண்டாம், டாக்டரைக் கேளுங்கள். அந்தச் சீசாவைப் பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள், கற்பூரம் கொஞ்சம் உள்ளே போனாலும் வலிப்பு வரலாம். நிலாவரைத் தம்பி, தினமும் எடுக்கிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

புதுவயல் பயணி:
ஆச்சி, ஒரே ஒரு நாள்தான் எடுத்தேன்!

பள்ளத்தூர் மகள்:
ஆயா (பாட்டி) என் பிள்ளைக்கு உரைமருந்து உரைத்தார். கடுக்காய் மூன்று உரை, ஜாதிக்காய் ஒன்று, சுட்ட வசம்பு ஒன்று. வசம்பு என்று வாயால் சொல்ல மாட்டார், "பேர் சொல்லாதது" என்பார். ஒரு சங்கு. வயிறு வலித்துக் காலை இழுத்து இழுத்து அழுத பிள்ளை ஐந்து மணி நேரம் தூங்கிற்று. டாக்டர் சத்தம் போட்டார். அமெரிக்காவில் வசம்பை உணவில் சேர்க்க 1968-லேயே தடை என்றார். ஆயாவிடம் அதைச் சொல்லவில்லை. பிள்ளைக்கு இப்போது ஏழு வயது, நன்றாக இருக்கிறாள். அன்று வலி விட்டுத் தூங்கினாளா, மயக்கத்தில் தூங்கினாளா?