நீச்சல் குளத்தில் "மூழ்கக் கூடாது" என்று எழுதலாமா?

வாசுகி, மதுரை:
மகனை நீச்சல் வகுப்புக்கு அழைத்துப் போகிறேன். ஆழம் குறைந்த பக்கத்துச் சுவரில் "இங்கு மூழ்கக் கூடாது" என்று நீலப் பெயின்டில் எழுதியிருக்கிறார்கள். கீழே ஒருவன் தலைகீழாகப் பாயும் படம், குறுக்கே சிவப்புக் கோடு. "போர்டைப் படித்துவிட்டா அம்மா ஒருவன் மூழ்குவான்?" என்கிறான் மகன்.

டைவிங்குக்குச் சரியான சொல் எது? முக்குளித்தல் என்றேன். அது மூன்று முறை குளிப்பது, குளித்தல் என்பதே உடலைக் குளிர்வித்தல்தான் என்று வாட்ஸ்அப்பில் வந்ததைக் காட்டுகிறார் நாத்தனார். அப்படியென்றால் முத்துக் குளிப்பவர் எதைக் குளிர்விக்கிறார்?

கமலைக் கிணறு:
டைவ் என்றே எழுதட்டும். கிணற்று மேட்டிலிருந்து டைவ் அடித்த எங்களில் யாரும் முக்குளித்தேன் என்று சொன்னதில்லை.

பழைய துறைமுகம், தூத்துக்குடி:
என் தாத்தா சங்கு குளித்தவர். "குளிக்கப் போயிருக்கிறார்" என்று ஆச்சி சொன்னால், கொடியில் துண்டு கிடக்கிறதா என்று பார்ப்போம். துண்டு இல்லையென்றால் கிணற்றடி. வலைப்பை இல்லையென்றால் கடல். கயிற்றில் கட்டிய கல்லின்மேல் கால் வைத்து இறங்குவார்களாம். கீழிருந்து கயிற்றைச் சுண்டினால் படகில் இருப்பவர் தூக்க வேண்டும். அந்த ஆள் பெரும்பாலும் மைத்துனன். மூச்சை யாரிடம் ஒப்படைப்பது என்பதில் அவர்கள் கவனமாக இருந்தார்கள். இந்தக் கரையில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது. பிறகு சங்குதான்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
நாத்தனாரிடம் 929ஆம் குறளைக் காட்டுங்கள். குடித்தவனுக்குக் காரணம் சொல்லித் திருத்துவது, "கீழ்நீர்க் குளித்தானை" விளக்கேந்தித் தேடுவது போன்றதாம். அந்த ஆள் சோப்புப் போட்டுக் குளிக்கவில்லை; நீருக்கடியில் போயிருக்கிறான். பழைய செய்யுள்களில் அம்பு மார்பில் "குளிக்கும்". உள்ளே புகுந்து மறைவதே அங்கே பொருள். அம்புக்கு ஏதம்மா குளிர்ச்சி?

முக்குளியில் மூன்றும் இல்லை. முங்கிக் குளிப்பது என்றே நான் கொள்கிறேன். ஆள் தானே முங்குகிறான். வாழைக்காயை மாவில் நாம் முக்குகிறோம். தன்வினை, பிறவினை. பழைய ஆங்கிலத்திலும் தான் அமிழ்வதற்கு ஒரு வினை, பிறிதொன்றை அமிழ்த்துவதற்கு ஒரு வினை இருந்தன. இரண்டும் கலந்துதான் டைவ் ஆயிற்று. மேலிருந்து பாய்வதும் அடியில் போவதும் அதற்கு ஒன்றுதான். தமிழுக்கு இரண்டும் வேறு வேறு. குளத்துக்காரர் தடுக்க நினைப்பது பாய்ச்சலை.

வாசுகி, மதுரை:
நன்றி ஐயா. "இங்கே தலைகீழாகப் பாயாதீர்கள்" என்று துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டேன். பெயின்டர் தீபாவளி கழித்துத்தான் வருவாராம். அதுவரை மூழ்கத் தடை நீடிக்கிறது.