அப்பாவிடம் இதை எப்படிச் சொல்வது?

அப்பாவுக்கு 74 வயது. தினமும் குளிக்கிறார். ஆனாலும் தலையணை உறையிலும் சட்டைக் காலரிலும் பழைய எண்ணெய் மாதிரி ஒரு வாடை. துவைத்து மடித்து வைத்த பிறகும் போவதில்லை. வயதாக ஆகத் தோலின் கொழுப்பு காற்றுபட்டுச் சிதைந்து 2-நோனெனல் என்ற வாடைப் பொருள் உண்டாகிறதாம், 2001-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் வெளியிட்டது. அது தண்ணீரில் எளிதில் கரையாது. அதனால் அவரை யாரும் சுத்தமில்லாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். ஆனால் கழற்றிய சட்டையையே மறுநாளும் போடுகிறார், ஈரத் துண்டை அப்படியே மடித்து வைக்கிறார், காதுக்குப் பின்னால் சோப்பு போடுவதே இல்லை.

போன வாரம் பேரன் மூக்கைச் சுளித்தான். அதிலிருந்து அப்பா அவனை மடியில் உட்காரவைப்பதில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

உங்கள் வீட்டில் எந்தப் பழக்கத்தை மாற்றியதும் வித்தியாசம் தெரிந்தது? துணியில் ஏறிய வாடை எப்படிப் போனது? மனம் நோகாமல் எப்படிப் பேச்செடுத்தீர்கள்? தயவுசெய்து சொல்லுங்கள்.