முதல் மேட்ச் கையில வந்தாச்சு, இந்தியானாவால இன்னும் மூணு எடுக்க முடியுமா?

குரோம்பேட்டை_பாஸ்ட்_லோக்கல் | 6 ஜூன் 2025, காலை 9.50

எல்லாருக்கும் வணக்கம். ஒரு கேள்வி இருக்கு, ஒரு வயித்தெரிச்சலும் இருக்கு. வயித்தெரிச்சலை முதல்ல கொட்டிடறேன்.

காலைல 6 மணிக்கு அமெரிக்க கூடைப்பந்து லீக் என்பிஏவோட பைனல்ஸ் முதல் மேட்ச். ஏழு மேட்ச் தொடர், நாலு ஜெயிக்கறவனுக்கு கப்பு. அலாரம் வெச்சு எழுந்து உக்காந்தேன். இந்தியானா பேசர்ஸ் முதல் பாதியில மட்டும் 19 தடவை பந்தைத் தொலைச்சாங்க. பத்தொன்பது! எங்க காலனி பார்க்ல ஆடற எட்டாங்கிளாஸ் பசங்ககூட இவ்ளோ விட மாட்டானுங்க. ரெண்டு இட்லியை நின்னுக்கிட்டே தின்னுட்டு ஓடிப்போய் ட்ரெயினைப் பிடிச்சேன். கடைசி குவார்ட்டர்ல எட்டிப் பார்த்தா 15 பாயின்ட் பின்னாடி. சரி, ஊத்திக்கிச்சுன்னு போனைப் பைக்குள்ள போட்டுட்டேன்.

எக்மோர்ல இறங்கி டீ சொல்லிட்டுப் பார்க்கறேன், 111-110. இந்தியானா வின். அவங்க ஸ்டார் ஹாலிபர்ட்டன் 0.3 செகண்ட் மிச்சம் இருக்கறப்ப போட்டிருக்கான். மொத்தம் 48 நிமிஷத்துல அவங்க முன்னாடி இருந்ததே அந்த 0.3 செகண்ட்தான். அந்த நேரத்துல நான் நுங்கம்பாக்கத்துக்கும் சேத்துப்பட்டுக்கும் நடுவுல எவனோ ஒருத்தன் அக்குள்ல மூஞ்சியை வெச்சுக்கிட்டு நின்னுட்டு இருந்திருக்கேன்.

இப்ப கேள்வி. எதிர்ல இருக்கற ஓக்லஹோமா சிட்டி தண்டர் சீசன்ல 68 ஜெயிச்சு 14 தோத்த டீம். சீசனோட பெஸ்ட் பிளேயர்னு எம்விபி வாங்கின ஷாய் அவங்ககிட்ட. இன்னிக்கும் 38 போட்டான். இந்தியானா 50-32, கிழக்குல நாலாவது இடம். சீசன்ல ரெண்டு தடவை மோதி ரெண்டுலயும் இந்தியானாதான் அடி வாங்கிச்சு. ஆபீஸ்ல ஒருத்தர் "குருட்டு அதிர்ஷ்டம், இதோட சரி"ங்கறார். மிச்சம் ஆறுல மூணு எடுக்க முடியுமா? நான் பரம்பரை ரசிகன் எல்லாம் இல்ல, ஏப்ரல்ல மில்வாக்கியை அடிச்சப்ப வந்து ஒட்டிக்கிட்டவன். ஆடினவங்க, ரொம்ப நாளா பார்க்கறவங்க சொல்லுங்க. 'மாஸ்', 'கெத்து'ன்னு மட்டும் போட்டுட்டு ஓடிடாதீங்க.

---

தண்டர்_தாஸ் | காலை 10.15

முடியாது பாஸ். 2001 பைனல்ஸ் எடுத்துக்கங்க. லேக்கர்ஸ் அந்த பிளேஆப்ஸ்ல, அதாவது நாக்அவுட் ரவுண்டுகள்ல, ஒரு மேட்ச்கூட தோக்காம வந்தாங்க. பிலடெல்பியாவோட ஐவர்சன் லேக்கர்ஸ் ஊர்லயே 48 போட்டு முதல் மேட்ச்சைத் தூக்கினார். பிலடெல்பியா ஜெயிச்சுட்ட மாதிரியே எல்லாரும் ஆடினாங்க. அப்புறம் வரிசையா நாலு தோல்வி. உங்களுக்கும் அதேதான். அஞ்சு மேட்ச்ல கதை முடியும்.

---

பழைய_பாயின்ட்_கார்டு | பகல் 1.30

தம்பி, சாப்பாட்டு நேரத்துல எழுதறேன், கொஞ்சம் நீளமாப் போகும்.

நான் எண்பதுகள்ல நந்தனத்துல ஆடிக் கத்துக்கிட்டவன். எங்க கிளப் டீம்ல பாதிப் பேர் காலேஜ், மீதிப் பேர் வேலை முடிஞ்சு சைக்கிள்ல வர்றவங்க. எதிர்ல வர்றது பேங்க் டீம். ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல எடுத்த ஆளுங்க, அதுல ரெண்டு பேர் இந்தியாவுக்கு ஆடினவங்க. அவங்களை மடக்க எங்ககிட்ட இருந்தது ஒரே வழி, பந்தை அவங்க கண்ணுல காட்டக் கூடாது. அப்ப 30 செகண்ட் ரூல், பந்து கைக்கு வந்தா அதுக்குள்ள ஷாட் போட்டாகணும். 27, 28 வரைக்கும் சுத்திக்கிட்டே இருந்துட்டுதான் ஷாட் போடுவோம். பார்க்கறவன் கண்டபடி திட்டுவான். ஆனா கணக்கு சரி. நூறு தடவை மோதினா பலசாலிதான் மேல வருவான். அம்பது தடவைதான் மோதலுன்னா காசு சுண்டற மாதிரி, எப்படி வேணா விழலாம். அப்படித்தான் ஒரு நாக்அவுட்ல 51-49ன்னு ஒரே ஒரு தடவை ஜெயிச்சோம். மறுநாளே அவங்களோட திரும்ப ஆடச் சொல்லியிருந்தா முப்பது பாயின்ட்ல தோத்திருப்போம், அதையும் ஒத்துக்கறேன். ஏழு மேட்ச் தொடர்ங்கறது அந்த 'மறுநாள்'தான், ஆறு தடவை.

இந்தியானா எங்களுக்கு நேர் எதிரா பண்றாங்க. சின்ன டீம் ஓடக் கூடாது, இவங்க ஓடறாங்க. பந்து கூடைக்குள்ள விழுந்தாக்கூட சட்டுனு எடுத்து அந்தப் பக்கம் போயிடறாங்க. பத்து பேரை மாத்தி மாத்தி இறக்கறாங்க. எதிராளி கார்டை, அதாவது பந்தைக் கொண்டுவர்ற ஆளை, அவன் கூடைக்குக் கீழேயே போய்ப் பிடிச்சு, கோர்ட்டோட 94 அடியும் கூடவே நடக்கறாங்க. ஒரு நாள் பண்ணினா எரிச்சல் வரும். ரெண்டு வாரம் பண்ணினா தொடை செத்துப்போகும். கடைசி மூணு நிமிஷத்துல மத்தவங்க ஷாட் குட்டையா விழறது இதனாலதான். மில்வாக்கியோட அஞ்சாவது மேட்ச்ல ஓவர்டைம்ல கடைசி 40 செகண்ட், 7 பின்னாடி, ஜெயிச்சாங்க. கிளீவ்லேண்ட் 64 ஜெயிச்ச டீம், அங்கயும் கடைசி நிமிஷத்துல 7 பின்னாடி இருந்து வந்தாங்க. நியூயார்க்ல மூணு நிமிஷம்கூட மிச்சமில்ல, 14 பின்னாடி. இன்னிக்கு உங்க ட்ரெயின் மேட்ச். நாலு ரவுண்டு, ரவுண்டுக்கு ஒண்ணு. உங்க ஆபீஸ்காரர்கிட்ட இதைச் சொல்லுங்க.

ஆனா ஒரு வில்லங்கம். மத்தவங்களை மூச்சு வாங்க வெச்ச மாதிரி தண்டரை வைக்க முடியாது. அவங்களும் பத்து பேர், அதுலயும் சின்ன வயசுப் பசங்க. டோர்ட், கரூசோ, வாலஸ்னு மூணு பேர், பந்தைக் கையில வெச்சிருந்தாலே பிடுங்கிடுவானுங்க. இன்னிக்கு இந்தியானா பந்தைத் தொலைச்சது, டர்ன்ஓவர், மொத்தம் 25. 25 விட்டுட்டு ஜெயிக்கறது வருஷத்துக்கு ஒரு தடவை நடக்கும். அதை 15க்குக் கொண்டுவந்தாதான் பேச்சே.

நல்ல சேதி ஒண்ணு. மூணு, நாலு, ஆறு, இந்த மூணு மேட்ச் இந்தியானா ஊர்ல. வெளியூர்ல ஒண்ணு எடுத்தாச்சு. சொந்த ஊர் மூணையும் காப்பாத்தினா கப்பு. இனிமே ஓக்லஹோமாவுல ஒண்ணுகூட ஜெயிக்க வேண்டாம்.

என்னைக் கேட்டா தண்டர், ஏழுல. மனசு வேற சொல்லுது.

---

மயிலை_லேஅப் | மாலை 6.05

அங்கிள் ஒரு ஆளை விட்டுட்டீங்க. இந்தியானா கோச் கார்லைல். 2011ல லெப்ரான், வேட், பாஷ் மூணு பேரும் இருந்த மயாமியை டாலஸ் 4-2ன்னு கவுத்தப்ப டாலஸ் கோச் அவர்தான். அதுலயும் 2-1ன்னு பின்னாடி இருந்து மூணு வரிசையா எடுத்தாங்க. மேட்ச் போகப் போக மாத்தறவர். அதனால தாஸ் அண்ணாவோட 2001 இங்க ஒட்டாது. ஐவர்சன் தனி ஆள். இங்க சியாகம், டர்னர், நெம்ஹார்ட், பெஞ்ச்ல மெக்கானல்னு தினம் ஒருத்தர்.

அப்புறம் ரெண்டாவது மேட்ச் திங்கள் காலைல 5.30க்கு. பாஸ்ட் லோக்கல் அண்ணா, அன்னிக்கு தயவுசெஞ்சு அடுத்த ட்ரெயின்ல போங்க.

---

குரோம்பேட்டை_பாஸ்ட்_லோக்கல் | 12 ஜூன், காலை 9.20

ரெண்டாவது போச்சு. மூணாவது வந்துச்சு, 116-107! மாத்துரின் பெஞ்ச்ல இருந்து வந்து 27. மெக்கானல், எங்க தெரு கேஸ் ஏஜென்சிக்காரர் சைஸ்ல இருக்கான், எதிராளி கோட்டுக்கு வெளியில இருந்து பந்தை உள்ள போடறப்ப பின்னாலயே பதுங்கி நின்னு பந்தைத் திருடறான். அஞ்சு ஸ்டீல். பெரியவர் சொன்ன மூணுல ஒண்ணு முடிஞ்சுது. தாஸ் எங்க?

---

தண்டர்_தாஸ் | 14 ஜூன், காலை 9.05

இங்கதான் இருக்கேன். நாலாவது மேட்ச் தண்டருக்கு, 111-104. கடைசி அஞ்சு நிமிஷத்துல ஷாய் 15 பாயின்ட். உங்க கால் செத்துப்போற தியரியை அவன்கிட்ட யாரும் சொல்லலை போல.

---

குரோம்பேட்டை_பாஸ்ட்_லோக்கல் | 23 ஜூன், காலை 11.40

அரை நாள் லீவு போட்டு ஏழாவது மேட்ச்சை முழுசாப் பார்த்தேன். பார்க்காமலே இருந்திருக்கலாம்.

ஹாலிபர்ட்டனுக்கு கெண்டைக்கால்ல ஏற்கெனவே வலி, தெரிஞ்சுதான் இறங்கினான். முதல் குவார்ட்டர்லயே மூணு தடவை தூரத்துல இருந்து மூணு பாயின்ட் ஷாட். அடுத்து கூடையைப் பார்த்து ஒரு சாதாரண ஓட்டம், பக்கத்துல யாரும் இடிக்கலை, விழுந்து தரையைக் குத்தி அழறான். அவன் இல்லாமலே பாதியில 48-47 முன்னாடி இருந்தாங்க. அதுக்கப்புறம் பந்தைக் கொண்டுபோக ஆள் இல்ல. 103-91, கப்பு தண்டருக்கு.

பெரியவரே, மூணு, ஆறு ரெண்டும் வந்துச்சு. அந்த நாலாவதுதான். கடைசி குவார்ட்டருக்கு 7 முன்னாடிதான் போனாங்க. அதை மட்டும் பிடிச்சிருந்தா இன்னிக்கு மேட்ச்சே கிடையாது, அந்தப் பையனும் நடந்துட்டு இருந்திருப்பான்.

---

தண்டர்_தாஸ் | பகல் 12.10

அஞ்சுன்னு சொன்னேன், ஏழு வரைக்கும் இழுத்துட்டாங்க. அந்த காயத்தைப் பார்த்தப்புறம் எனக்கும் கத்தத் தோணலை.

---

பழைய_பாயின்ட்_கார்டு | பகல் 2.00

குதிகாலுக்கு மேல இருக்கற தசைநாண் அது, அக்கிலீஸ்னு சொல்வாங்க. எனக்கு 34 வயசுல போச்சு. லீக் மேட்ச்கூட இல்ல, சாயங்காலம் சும்மா ஆடிட்டு இருந்தோம். பின்னாடியிருந்து எவனோ ஓங்கி உதைச்ச மாதிரி இருந்துச்சு. உதைச்சவனைத் திட்டலாம்னு திரும்பினேன். ரெண்டு கெஜத்துக்கு யாருமே இல்ல. ஹாலிபர்ட்டன் விழுந்தான் பார்த்தீங்களா, எனக்கு அப்பவே தெரிஞ்சுபோச்சு. டிவியை நிறுத்திட்டுப் பால் வாங்கப் போயிட்டேன். ஸ்கோர் இப்ப நீங்க எழுதினதைப் பார்த்துதான் தெரியும்.